ஏரிக்குப் போகாதே, ஏரிக்குப் போ

எளாவூரில் எங்கள் வீட்டில் 1970களில் அதிகம் கேட்ட வசவு 'ஏரி சுத்தி'. பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வராதவனுக்கு, காற்சட்டையில் சேறு காய்ந்து கிடப்பவனுக்கு, சட்டைப் பையில் மட்டி ஓடு வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, "இன்னாடா, ஏரிக்கா போன? ஒரு எடத்துல உக்காந்து படிக்க முடியாதா உனக்கு?" என்பாள். இன்று அதே எளாவூரில், அதே வீட்டில், என் மகள் தன் பையனிடம் கெஞ்சுகிறாள். "அந்தப் போனைக் கீழ வச்சுட்டு எழுந்திரேன்டா. தாத்தாகூட ஏரிக்காவது போயேன்." பையன் அசைவதில்லை. ஓரிடத்தில் உட்காரவில்லை என்று அடி வாங்கிய தலைமுறையின் பேரன்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மறுக்கிறார்கள்.

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். அதற்கப்பால் ஆரம்பாக்கம், தடா, ஆந்திரம். லாரிக்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் சோதனைச்சாவடி. எங்களுக்கோ கிழக்கே கிடக்கும் பழவேற்காடு ஏரிதான் ஊர். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஏரிக்கு அப்பால் மெல்லிய தீவாக ஸ்ரீஹரிகோட்டா, அதற்கும் அப்பால் வங்கக் கடல். சில வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும். பூநாரையை எங்களில் பலர் ராஜஹம்சா என்று சொல்லித்தான் வளர்ந்தோம்.

அப்பாவை நைனா என்போம். அவர் குப்பங்களில் இறால் வாங்கி ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்பும் சின்ன வியாபாரி. விடியற்காலையில் கரையில் எடை போடும்போது கூட நிற்க ஒரு பையன் வேண்டும். அதனால் எனக்கு வசவும் கிடைத்தது, ஏரியும் கிடைத்தது. வெள்ளை இறாலையும் கறுப்பு இறாலையும் பிரிக்கக் கற்றது அங்கேதான். மடவை துள்ளும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பதும், வளை வாயில் சேறு புதிதாக இருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது என்று அறிவதும் அங்கே வந்தவை. வாடை அடித்தால் வலைக்காரர் என்ன பேசுவார், கச்சான் அடித்தால் என்ன பேசுவார் என்பதும் பழகிவிட்டது. இருளர் வீட்டு ஆண்களும் பெண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். கண் வேண்டியதில்லை அவர்களுக்கு. இறால் எந்தப் பக்கம் பாயும் என்பது விரல் நுனிக்குத் தெரியும். அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றே விடுமுறைக் காலைகள் எனக்குக் கழியும்.

ஏரியின் தெற்குப் பக்கம் பாடு முறை உண்டு. எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்திருப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாறி மாறி வரும். குப்பத்துக்குள் ஆளுக்குச் சீட்டுப் போட்டு ஒதுக்குவார்கள். கல்யாணமான ஆண் தலைக்கட்டு ஆவான், தலைக்கட்டுக்குத்தான் பாடு. "நாளைக்கு யாரு மொற?" என்று நைனா கேட்பார். நான் மனக்கணக்காகச் சுழற்றிப் பார்த்துச் சொல்வேன். மீதி வரும் வகுத்தல் பள்ளிக்கூடத்தில் வருவதற்கு முன்பே பாடு முறையில் எனக்குப் புரிந்துவிட்டது. அதைப் படிப்பு என்று வீட்டில் ஒருவரும் எண்ணவில்லை. படிப்பு என்றால் விளக்கு வெளிச்சத்தில் சத்தம் போட்டு ஒப்பிப்பது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பறியைக் கவ்விய பெண்களின் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடப் படி ஏறியதே இல்லை. ஏரி அவர்களுக்கு விளையாட்டும் இல்லை, ஆர்வமும் இல்லை, அன்றாடச் சோறு. விரும்பி அலைந்தவன் நான், வேறு வழியில்லாமல் இறங்கியவர்கள் அவர்கள். அந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பழைய ஏரிக்கரைப் பிள்ளைப் பருவத்தைப் பாடுகிறவர்களிடம் எனக்கு ஒட்டுதல் இல்லை.

என் அக்காவின் கதை இன்னொன்று. கூடைக்குள் கை விட்டால் பார்க்காமலே இறால், கெளுத்தி, கீச்சான் என்று சொல்லிவிடுவாள். ஆலாக்கள் எந்த மணல் திட்டில் முட்டையிடும், எப்போது குஞ்சு பொரிக்கும் என்று பெரியவர்கள்கூட அவளைத்தான் கேட்பார்கள். பெரியவளானதும் ஏரி அவளுக்கு நின்றுபோனது. கருவாடு காயும் முற்றம், அதைத் தாண்டிக் கிணற்றடி, அவ்வளவுதான். நான் வசவு வாங்கிக்கொண்டாவது ஏரிக்குப் போனேன். அவளுக்கு வசவு வாங்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. பிள்ளைகளின் இயல்பான ஆர்வத்தை வளர்க்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள்தான்.

ஒரு வாத்தியார் மட்டும் ஏரியைப் படிப்பு என்று ஒத்துக்கொண்டார். எங்கள் கணக்கு வாத்தியார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று குப்பங்களுக்குத் தகவல் வந்துவிடும். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி எஸ்.எல்.வி-3 முதல் முறை கிளம்பிக் கடலில் விழுந்தது. மறு ஆண்டு 1980 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, இரண்டாம் முறை. அன்று காலை அவர் எங்களைக் கரைக்கு அழைத்துப்போனார். "வெளிச்சம் கண்ணுல பட்டதும் எண்ண ஆரம்பிங்க. சத்தம் காதுல விழுந்ததும் நிறுத்துங்க" என்றார். எட்டு மணி சுமாருக்கு வடகிழக்கில் ஒரு நெருப்புப் புள்ளி எழும்பியது. நாங்கள் எண்ணினோம். அறுபதைத் தாண்டியும் சத்தம் வரவில்லை. வந்தபோது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஒவ்வொருவன் எண்ணிக்கையும் ஒவ்வொரு விதம். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்து, நொடிக்கு 340 மீட்டர் என்று பெருக்கச் சொன்னார். இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டருக்குள் விடை வந்தது. "தண்ணியில கால் வைக்காமலே தீவுக்கு எவ்ளோ தூரம்னு அளந்துட்டீங்கடா" என்றார். அன்று மாலை வானொலிச் செய்தி கேட்டோம். 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோள் ஏவிய சில நாடுகளோடு இந்தியாவும் சேர்ந்தது.

அந்த ராக்கெட் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் தனக்குப் பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றி அவர் போன இடமெல்லாம் சொன்னார். பறவை எப்படிப் பறக்கிறது என்று ஐயர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அன்று மாலையே கடற்கரைக்கு அழைத்துப்போய், பறவைகள் சிறகடித்து எழும்புவதையும் வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் காட்டினார். பறத்தல் பற்றிய படிப்புதான் தன் வாழ்க்கை என்று அந்த மாலையில் தோன்றியதாகக் கலாம் சொன்னார். படகுக்காரர் மகனுக்கு ஒரு வாத்தியார் கடற்கரையில் செலவிட்ட ஒரு மாலை, நாற்பது ஆண்டுகள் கழித்து எங்கள் ஏரிக்கு மேலே புகையாகத் தெரிந்தது. இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் பெருகின. குப்பத்து ஆண்களில் பலர் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதைக் கூடப் போய்ப் பார்க்கும் வழி பிள்ளைகளுக்கு அடைபட்டது. ஆலை வாசலில் காவலாளி நிறுத்திவிடுவான். ஏரிக்கு வாசலே இருந்ததில்லை. 1990களில் கரையோரம் இறால் குட்டைகள் வந்தன, வேலிகள் வந்தன. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சில்காவையும் பழவேற்காட்டையும் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. முகத்துவாரம் மணல் மூடி மூடி ஏரி ஆழம் குறைந்தது. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, ஏரிக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் தாயின் வயிறு கலங்கியது. அதைக் குறை சொல்ல முடியாது. வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போனது. இருட்டிய பிறகு கொண்டுவந்து விட்டது.

இப்படி ஏரி பக்கத்து வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு முடிந்த நேரத்தில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. பாடம் போனில் நடக்கும் என்றார்கள். தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். ஒரே போன், மூன்று பிள்ளைகள்; அதையும் அப்பா படகுக்கு எடுத்துப் போய்விட்டால் அன்றைக்குப் பாடம் கிடையாது. போன் இல்லாத வீடுகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை ஆண்டுக்கு மேல், "போனை எடுத்து உக்காந்து படி" என்று சொல்லிச் சொல்லி வீடுகளே பழக்கிய கை அது. பள்ளி திறந்த மறுநாளே அந்தக் கை போனை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பள்ளி திறந்த அந்த நாட்களில் மாலையில் வந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் பாடிக் காட்டி, ஆடிக் காட்டிப் பாடம் சொன்ன 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களை நன்றியோடு நினைக்கிறேன். பக்கத்துத் தெருப் பெண்கள்தான் பலர். ஒரு ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகள் போனை மறக்கிறார்கள் என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன்.

2023 ஜூலை 14, மதியம் 2.35. சந்திரயான்-3 கிளம்பியது. பேரன் காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அறைக்குள் கட்டிலில் படுத்து, போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தான். எண்கள் குறைந்தன, நெருப்புக் கக்கியது, ராக்கெட் எழும்பியது, அவன் கை தட்டினான். சற்று நேரம் கழித்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"தாத்தா, இடி இடிக்குதா? மழை வருதா?"

கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். வடகிழக்கில் புகைத்தடம் வளைந்து நின்றது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"நெசமாவே இங்கதானா?"

அவன் போனில் பார்த்த ஸ்ரீஹரிகோட்டா எங்கோ இருக்கும் ஊர். அந்த ஏவுதலைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பெயர் பதிவு செய்து, வெயிலில் வண்டியேறி வருகிறார்கள். எங்கள் பிள்ளைக்கு வாசல் வரை வந்தால் போதும். ஆனால் வாசல் வரை கூட்டிவர ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவன் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு முக்கியம். "போன்ல அப்பவே மேல போயிடுச்சே தாத்தா, சத்தம் ஏன் இப்ப வருது?"

கணக்கு வாத்தியாரின் பாடம் நினைவிலிருந்தது. விடையை நான் சொல்லவில்லை. இன்னொரு ராக்கெட் வரை காத்திரு, நீயே பார் என்றேன். 2023 செப்டம்பர் 2, சனிக்கிழமை, பகல் 11.50-க்கு ஆதித்யா-எல்1. அவனையும் தெருப் பிள்ளைகள் சிலரையும் கரைக்கு அழைத்துப்போனேன். போனையும் எடுத்து வரச் சொன்னேன். ஒருவன் வானத்தைப் பார்த்து 'வந்துடுச்சு' என்று கத்த வேண்டும். இன்னொருவன் நேரலையில் கிளம்பியதும் கத்த வேண்டும். மற்றவர்கள் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். வானம்தான் முந்தியது. போனில் ராக்கெட் இன்னும் தரையிலேயே நின்றுகொண்டிருந்தது. அது பல நொடிகள் பிந்திக் கிளம்பியது. சத்தம் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. போன் பிந்தும் என்று அந்தப் பிள்ளைகள் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. நேரலை என்றால் அந்த நொடியே என்றுதான் நம்பியிருந்தார்கள். படம் எங்கெல்லாம் சுற்றி வருகிறது, செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்புகிறதா, கடலுக்கடியில் கம்பியில் வருகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. அன்று இரவு பேரன் போனைக் கேட்டான், கொடுத்தேன். ஒலியின் வேகமும் ஒளியின் வேகமும் தேடினான். அந்த நேரத்தைப் போன் நேரக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

போனை ஒரேயடியாகப் பகையாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணம் அக்காவின் பேத்தி. பதினோரு வயது. பறவைப் படங்களைப் போனில் பார்த்துப் பார்த்துப் பெயர் கற்றவள். ஆப்பிரிக்காவின் நகுரு ஏரியில் இளஞ்சிவப்பாக நிற்கும் பூநாரைகளை அவளுக்குத் தெரியும். சொந்த ஏரியில் மார்கழி, தை மாதங்களில் ஆயிரக்கணக்கில் நிற்பவற்றைத் தெரியாது. அழைத்துப்போய்க் காட்டினேன். கூட்டத்தில் பல சாம்பல் நிறத்தில் இருந்தன. இது வேறு ஜாதியா என்று கேட்டாள். அப்புறம் அவளே தேடிச் சொன்னாள். இளம் பறவைகள் சாம்பலாகத்தான் இருக்குமாம்; பாசியும் சின்னஞ்சிறு கூனியும் தின்னத் தின்ன அதிலுள்ள நிறமி இறகில் ஏறிச் சிவக்குமாம்; குஜராத்தின் கட்ச் பாலைச் சேற்றில் கூடு கட்டுமாம். ஐம்பது ஆண்டுகளாக ராஜஹம்சாக்களைப் பார்த்த எனக்கு இது புதுச் செய்தி. அவளுடைய பாட்டிக்கு ஏரியை மூடிய ஊரில், அவளுக்கு அந்தக் கண்ணாடித் திரை வழியாகவாவது ஒரு ஜன்னல் திறந்தது. அதை நான் பிடுங்க மாட்டேன்.

அதற்காக மணிக்கணக்கை விட்டுவிடவும் முடியாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இரண்டு வயதுக்குள் உறவினரோடு வீடியோவில் பேசுவது தவிர வேறு வேண்டாம். ஐந்து வரை ஒரு மணி நேரம். பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டின் முன் போன் இல்லை, படுக்கப் போவதற்கு முன்பு இல்லை. இது பெரியவர்களுக்கும்தான், என் மருமகன் முதலில் முனகினார், பிறகு பழகிவிட்டார். ஆனால் கடிகாரம் பாதி வேலையைத்தான் செய்கிறது. போனை வாங்கி அலமாரியில் வைத்த பிறகு அந்தப் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பது மீதிப் பாதி. வெளியே போ என்று சொல்லிவிட்டு நாம் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவன் எங்கே போவான்? வேலியும் பண்ணையும் வண்டிச் சத்தமும் உள்ள வெளியில், நீச்சல் தெரியாத பிள்ளை தனியாக எதைத் தேடுவான்? அன்று எங்களைப் பெரியவர்கள் ஏரிக்கு அழைத்துப்போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கரையெங்கும் பெரியவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தடுமாறினால் தூக்க ஒரு கை, கேட்டால் சொல்ல ஒரு வாய் எப்போதும் இருந்தது. அந்தக் கையும் வாயும் இல்லாத இடத்தில்தான் போன் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிகளில் சில நல்ல காரியங்கள் நடக்கின்றன. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் வழியாக அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. ஏரிக்கரைப் பள்ளிகளில் அது ஏரிக்குள்ளும் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. உப்பின் அளவு மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று அளக்கலாம். மழைக்காலத்தில் ஆரணியாறு கொண்டுவரும் நன்னீரில் எந்த மீன் போகிறது, எது வருகிறது என்று வலைக்காரர்களைக் கேட்டு எழுதலாம். கேட்டால் அவர்கள் சொல்வார்கள். தங்களிடம் கேட்க ஒரு பிள்ளை வருவதில்லை என்பதுதான் அவர்கள் வருத்தம்.

வீட்டிலிருந்தபடி இப்போதைக்கு நாங்கள் செய்வது இது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-இலிருந்து பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்தவற்றைப் போனில் பதிவு செய்தால் போதும். யாரும் சேரலாம். வருகிற காணும் பொங்கலன்று தெருப் பிள்ளைகளோடு கரைக்குப் போவதாக இருக்கிறோம். பேரன் எண்ணுவான். அக்காவின் பேத்தி போனில் பதிவு செய்வாள். அக்காவும் வரச் சம்மதித்துவிட்டாள். ஆலாக்களின் திட்டு இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருளர் காலனியிலிருந்து பறி பிடித்துப் பழகிய ஒரு பெரியவரையும் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். விடியற்காலை ஆறு மணிக்கு ரயிலடியிலிருந்து வேன் கிளம்பும். பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது. கூட வரும் பெரியவர்கள்தான் குறைகிறார்கள்.